செட்டிநாட்டு வீட்டில் ஒரு பாய்ப்படகு: வாங்கும் முன்பிருந்து கடலில் இறக்கும் வரை

தேவகோட்டையில் குடியிருந்துகொண்டு தொண்டிக் கடலில் பாய்ப்படகு ஓட்டி வருகிறேன். காரைக்குடி, பள்ளத்தூர், கண்டனூர் பக்கத்திலிருந்து ஆசைப்பட்டு வந்த ஐந்தாறு பேருக்குக் கூட நின்று உதவியும் இருக்கிறேன். அவர்களில் மூன்று பேரின் படகு இன்று தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. மூவரும் செய்த தவறு ஒன்றுதான்: படகை முதலில் வாங்கினார்கள்.

நம் ஊரிலிருந்து கடல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கிறது. வண்டி சரியில்லை, கரையில் நிறுத்த இடமில்லை, எந்த மாதம் எந்தக் காற்று என்று தெரியவில்லை என்றால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சாக்கு கிடைத்துவிடும். ஆகவே மற்ற எல்லாம் தயாரான பிறகு படகு வரட்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே.

சிறிய பாய்ப்படகு என்று நான் சொல்வது 13, 14 அடி நீளத்தில், ஒருவரோ இருவரோ ஓட்டும், இன்ஜின் இல்லாத ஃபைபர் படகை.

1. நீச்சலும் பயிற்சியும்

ஊருணிப் படித்துறையில் குதித்துப் பழகியவர்களுக்கு நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கை அதிகம். சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, கரையைத் தொடாமல் பத்து நிமிடம் மிதந்து பாருங்கள். கடலில் விழும்போது துணியோடுதான் விழுவீர்கள்.

அடுத்து, பிறர் படகில் கற்றுக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப் போன்ற இடங்களில் சில நாட்கள் செலவழித்தால், காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து முன்னேறுவது, திரும்புவது, கவிழ்ந்த படகை நிமிர்த்துவது மூன்றும் பிடிபடும். இதை முதலில் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் படகு உங்களுக்கு ஒத்துவரும் என்பது ஓட்டிப் பார்க்காமல் தெரியாது.

2. கரையில் இடமும் அறிமுகமும்

படகு இல்லாமலேயே நான்கைந்து முறை கடற்கரைக்குப் போய் வாருங்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி 60 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். படகை இழுத்துக்கொண்டு போனால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே தேவிபட்டினம், வடக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று வேறு கரைகளும் உண்டு. சாலை நேராக இருப்பதால் நான் தொண்டியைத் தேர்ந்தேன்.

கரையில் பார்க்க வேண்டியவை: வண்டி மண்ணில் புதையாமல் எதுவரை போகும், பாய்மரம் நிமிர்த்தும் இடத்தில் மின்கம்பி இருக்கிறதா, நீர் வற்றும்போது சேறு எவ்வளவு தூரம் வெளியே தெரிகிறது. பாக் விரிகுடாவில் நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை மிகவும் சரிவு குறைந்தது. காலையில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்த இடம் திரும்பி வரும்போது சேறாக இருக்கலாம்.

பிறகு மனிதர்கள். மீனவர் கிராமத்தின் பெரியவர்களைப் பார்த்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, எந்தப் பக்கம் வலை இருக்கும் என்று கேளுங்கள். இந்தக் கடலில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். நாட்டுப்படகு நாட்களில் கரையோரம் வலை அதிகம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போய் ஒருவருடைய வலையைக் கிழித்தால், அந்தக் கரையில் உங்களுக்கு இரண்டாம் முறை இடமில்லை. அது நியாயமும்கூட.

தொண்டியில் இருக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் படகின் படம், பாயின் நிறம், உங்கள் அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு ஒரு கடிதம் கொடுத்து, தேவையான அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இந்தியாவும் இலங்கையும் 1974இல் வகுத்த கடல் எல்லை இந்த விரிகுடாவுக்குள்தான் ஓடுகிறது. அடையாளம் தெரியாத பாய் ஒன்று தென்பட்டால் காவலர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள். அவர்களுடைய உதவி எண் 1093, கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554. இரண்டையும் கைபேசியில் மட்டும் வைக்காமல் படகின் உட்புறத்தில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

3. வீட்டில் இடம்

நம் வீடுகள் இதற்கென்றே கட்டியதைப் போல இருக்கின்றன. முகப்பு வாசலிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், 20 அடிப் பாய்மரத்தை எங்கும் திருப்பாமல் உள்ளே கொண்டு போய்விடலாம். என் பாய்மரம் இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில், துணி உலர்த்த ஆச்சி காலத்தில் அடித்த கொக்கிகளிலேயே கிடக்கிறது.

படகின் உடல் உள்ளே நுழையுமா என்பது வேறு கணக்கு. இவ்வகைப் படகின் அகலம் நாலரை முதல் ஐந்தேகால் அடி. நிலைக்கதவின் அகலத்தை அளந்த பிறகு பேசுங்கள். நுழையாவிட்டால் கார் கொட்டகையோ பின்கட்டோ போதும், கூரை மட்டும் கட்டாயம். வளவின் நடுவே திறந்த வெளியில் வைக்காதீர்கள். சித்திரை வெயில் ஃபைபரின் மேற்பூச்சைச் சுண்ணாம்பு போல உதிர்க்கும்.

வெயிலுக்குப் பயந்து தார்ப்பாயைப் படகின் மேல் ஒட்டப் போர்த்துவதும் தவறு. உள்ளே ஈரம் அடைபட்டுப் பூச்சில் கொப்புளம் வரும். ஒரு சாண் இடைவெளி விட்டுப் பந்தல் போலக் கட்டுங்கள். படகு உட்காரும் இடத்தில் அகலமான பலகையும் அதன்மேல் பழைய டயர் டியூபும் வையுங்கள். ஒரே புள்ளியில் எடை நின்றால் கோடை வெப்பத்தில் அடிப்பகுதி உள்வாங்கிக்கொள்ளும்.

பாய்க்கு எதிரி எலி. மூட்டையாகக் கட்டி அறையில் போட்ட பாய்க்குள் எலி குட்டி போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாய் அதன்பிறகு எதற்கும் உதவவில்லை. சுருட்டி, உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடுங்கள்.

4. இரண்டு வண்டிகள்

காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர் ஒன்று, கரையில் கையால் தள்ளும் வண்டி ஒன்று. இரண்டும் வேண்டும். டிரெய்லரையே தண்ணீருக்குள் இறக்குவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. உப்புநீர் சக்கரத்தின் பேரிங்குக்குள் போனால் சில வாரங்களில் அது இறுகிவிடும், பிறகு ஒரு நாள் நடுச்சாலையில் சக்கரம் சுற்றாது. டிரெய்லர் தார்ச்சாலையோடு நிற்கட்டும். அங்கிருந்து கைவண்டி, அகலமான ரப்பர் சக்கரத்தோடு.

டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறைகள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன. அவர்களிடம் படகின் அளவை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நெல் மூட்டை ஏற்றுவதற்குச் செய்வதைப் போல எஃகைக் கொட்டிச் செய்துவிடுவார்கள். எனக்கு முதலில் கிடைத்த வண்டி படகைவிட மூன்று மடங்கு கனமாக இருந்தது. வில் (ஸ்பிரிங்) இறுக்கமாக இருந்ததால் ஒவ்வொரு வேகத்தடையிலும் படகு தூக்கிப் போட்டது. படகின் எடையைச் சொல்லி, மென்மையான வில் கேளுங்கள். டிரெய்லருக்கும் மோட்டார் வாகனப் பதிவு உண்டு என்பதால் அதைப் பட்டறையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

படகை ஏற்றும்போது மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் இறங்குமாறு முன்னே தள்ளி வையுங்கள். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பாக நெளியும். பாய்மரத்தின் நீட்டிய முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

5. இப்போது படகு

தனியாக ஓட்டுவதற்குப் பலரும் சொல்வது லேசர். நீளம் 4.2 மீட்டர், உடல் மட்டும் 59 கிலோ. வேகமான நல்ல படகு, ஆனால் பழகாதவரை மணிக்கு நான்கு முறை கவிழ்க்கும். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக ஆசை இருந்தால் என்டர்பிரைஸ், ஜிபி 14 போன்ற அகலமான இருவர் படகுகள் ஏற்றவை. ஜிபி 14இன் உடல் 133 கிலோ, தூக்க நான்கு பேர் வேண்டும். என் தீர்ப்பு இருவர் படகுதான். தனியாக ஓட்டும் படகைவிட இரண்டு பேராகப் போகும் படகே ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது, தூக்குவதற்கும் ஒரு கை கூடுகிறது.

எந்தப் படகானாலும் சுக்கானும், படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறக்கும் நடுப்பலகையும் மேலே மடங்கும் அல்லது தூக்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும். பாக் விரிகுடாவின் கரையோரத்தில் நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீர்தான். நிலையான அடிக்கட்டை உள்ள படகு இங்கே முதல் நாளே சேற்றில் சொருகிக்கொள்ளும்.

பழைய படகு வாங்குவது தவறில்லை. ஆனால் இந்த நான்கையும் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் அடிப்பகுதி முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள்: நல்ல ஃபைபர் ‘டக்’ என்று ஒலிக்கும், உள்ளே பிரிந்திருந்தால் மண்பானையில் விரிசல் விட்டாற்போல் மந்தமாக ஒலிக்கும். மேல்தளத்தில் ஏறி நின்று, பாய்மரம் நிற்கும் குழியைச் சுற்றி அழுத்திப் பாருங்கள், அமுங்கக் கூடாது. படகை எடை போடுங்கள், உரிய எடையைவிடப் பத்துப் பதினைந்து கிலோ கூடினால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது. கடைசியாக, சோப்பு நீரை இணைப்புகளில் தடவிவிட்டு, நீர் வடியும் துளை வழியாக வாயால் ஊதுங்கள். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. பஞ்சர் கடைக் காற்றை வைக்காதீர்கள், இணைப்பே பிளந்துவிடும்.

பாயைக் கசக்கிப் பாருங்கள். புதிய காகிதம் போல மொறுமொறுவென்று இருந்தால் இன்னும் ஆயுள் இருக்கிறது. பழைய வேட்டி போலத் தொய்ந்திருந்தால் பேரம் பேசும்போது புதுப் பாயின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கயிறு வாங்கும்போது ஒரு வேறுபாடு முக்கியம். பாயை ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்பார்கள், பாயை இழுத்துத் தளர்த்தும் கயிறு தாமான். ஆஞ்சானுக்கு நைலான் கூடாது. நைலான் நீளும், ஏற்றிய பாய் அரை மணி நேரத்தில் தொய்ந்து இறங்கும். பாலியஸ்டர் கயிறு கேட்டு வாங்குங்கள். தாமானுக்குக் கையை அறுக்காத, விரல் தடிமனான மென்மையான கயிறு போதும். பாயில் கிழிசல் வந்தால் தார்ப்பாய் தைப்பவரே தைத்துத் தருவார், நூல் மட்டும் பருத்தியாக இல்லாமல் பாலியஸ்டராக இருக்க வேண்டும்.

6. கண்மாயில் கவிழ்த்துப் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களைத்தான் நான் கடலில் இழுத்து வந்திருக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழையில் நிறையும் கண்மாய்கள் தையிலும் மாசியிலும் தளும்பி நிற்கும். அலை இல்லை, கரை எட்டும் தூரம். ஊராட்சியிடமும் மீன் குத்தகை எடுத்தவரிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஊருணியில் மட்டும் எக்காரணம் கொண்டும் படகை இறக்காதீர்கள், அது ஊரார் குடிக்கிற தண்ணீர்.

எந்தக் கண்மாய் என்பதை அதற்கு முந்தைய கோடையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வற்றிக் கிடக்கும்போது உள்ளே நடந்து பாருங்கள். கருவேல மரத்து அடிக்கட்டைகள், மண் எடுத்த பள்ளங்கள், மடை எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மரம் நிறைந்த கண்மாயை விட்டுவிடுங்கள்.

உயிர்காப்பு அங்கி அணிந்துகொண்டு, வேண்டுமென்றே படகைக் கவிழுங்கள். வரிசை இதுதான்: முதலில் தாமானைத் தளர்த்த வேண்டும், பாயில் காற்றும் நீரும் பிடித்திருந்தால் படகு எழாது. பிறகு அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றை நோக்கித் திருப்ப வேண்டும், இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் கவிழும். அதன்பின் நடுப்பலகையில் ஏறி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய வேண்டும். இருவரும் தலா பத்து முறை செய்யுங்கள். பத்தாவது முறை பேசிக்கொள்ளாமலே செய்வீர்கள்.

மூடியை இறுக்கிய 5 லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றைப் பாய்மர உச்சியில் கட்டிவிடுங்கள். படகு முழுவதுமாகத் தலைகீழாகப் போகாமல் அது தடுக்கும். தலைகீழானால் ஆழமில்லாத நீரில் பாய்மரம் சேற்றில் குத்தி நின்றுவிடும், அப்போது இருவரால் ஒன்றும் செய்ய முடியாது.

7. பருவம் பார்த்துக் கடலுக்கு

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று பாக் விரிகுடாவைக் கலக்கும். அந்த மாதங்களில் படகு வீட்டில் இருக்கட்டும்.

தொடங்குவதற்கு நல்ல காலம் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. காலையில் காற்று அநேகமாக இராது. பத்து, பதினொரு மணிக்குக் கடலிலிருந்து மெல்லத் தொடங்கும். கடற்காற்று புதியவர்களின் நண்பன், ஏதாவது உடைந்தாலும் உங்களைக் கரைக்கே தள்ளிக்கொண்டு வரும். பிற்பகலில் அது வலுக்கும் என்பதால் இரண்டு மணிக்குள் கரையேறிவிடுங்கள்.

வைகாசி முதல் ஆவணி வரையில்தான் ஏமாற்றம். அப்போது வீசும் கச்சான் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் எண்ணெய் விட்டாற்போல் அமைதியாக இருக்கும், ஏனென்றால் அலை எழும்ப அங்கே தூரமில்லை. ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் காற்றின் பலம் தெரியும். “தம்பி, கச்சானில் போவது எளிது, வருவதற்குத்தான் படகோட்டத் தெரிய வேண்டும்” என்று தொண்டியில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். முதல் ஆண்டில் கச்சான் மாதங்களை விட்டுவிடுங்கள். இரண்டாம் ஆண்டிலும் கரையிலிருந்து 500 மீட்டரைத் தாண்டாதீர்கள்.

கிளம்பும் முன் இரவே மீனவர்களுக்காக இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் அறிவிப்பையும் வானிலைத் துறை எச்சரிக்கையையும் பாருங்கள். கரைக்கு வந்ததும் கண்ணால் பாருங்கள். அலை முகட்டில் அங்கங்கே வெள்ளை நுரை தென்பட்டால் காற்று 10 நாட் (மணிக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர்) அளவை நெருங்கிவிட்டது. முதல் பருவத்தில் அதுதான் உங்கள் எல்லை.

8. கரையில் பூட்டும் வரிசை

படகின் அணியத்தைக் காற்றுக்கு எதிரே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஏற்றிய நொடியே பாய் நிறைந்து, படகு கைவண்டியோடு சாயும்.

1. தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் பிழைக்க மாட்டார். போகும் வழி முழுவதும் கம்பி இல்லை என்று உறுதி செய்த பிறகே பாய்மரத்தை நிமிர்த்துங்கள்.
2. நீர் வடியும் துளைக்கு அடைப்பான் போடுங்கள். மறந்தவர்கள் பாதி வழியில்தான் உணர்கிறார்கள்.
3. பாய்மரத்தின் தாங்கு கம்பிகளை மாட்டி, கம்பியைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு முள்ளும் பூட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.
4. துடுப்பு, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஊதல், நீர் புகாத உறையில் கைபேசி, 15 மீட்டர் கயிற்றோடு சிறு நங்கூரம் எல்லாவற்றையும் கட்டி வையுங்கள். வெறுமனே வைத்தது கவிழும்போது மிதந்து போய்விடும்.
5. உயிர்காப்பு அங்கியை இங்கேயே அணியுங்கள்.
6. பாயை முட்டளவு தண்ணீருக்குப் போன பிறகு ஏற்றுங்கள். தாமான் தளர்வாகவே இருக்கட்டும்.

தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள். சேற்றில் திருக்கை படுத்திருக்கும். கால் உரசினால் விலகிப் போகும், மேலே மிதித்தால் வாலால் குத்தும்.

9. நீரில் முதல் ஒரு மணி நேரம்

முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். களைப்பில்லாதபோது கடினமான பாதியை முடித்துவிட்டால், திரும்புவது இறக்கத்தில் சைக்கிள் விடுவதைப் போல.

தண்ணீர் இடுப்பைத் தாண்டியதும் நடுப்பலகையை இறக்கித் தாமானை மெல்ல இழுங்கள். படபடவென்று அடித்துக்கொண்டிருந்த பாய் சட்டென்று அமைதியாகும். படகு ஒரு பக்கம் லேசாகச் சாயும், சுக்கான் கைப்பிடியில் ஓர் அதிர்வு வரும், அடியில் தண்ணீர் சலசலக்கத் தொடங்கும். இன்ஜின் சத்தமோ டீசல் வாடையோ இல்லை. தெளிந்த நாளில் ஓரமாகக் குனிந்து பார்த்தால், கடற்புல் காற்றில் நாற்று அசைவதைப் போல ஒரே பக்கமாக அசைந்துகொண்டிருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். எனக்கு இன்றும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை.

அந்தப் புல்லின் மேல் நங்கூரம் போடாதீர்கள். ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடற்பசு அதைத்தான் மேய்கிறது. வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. வெறும் மணல் தெரியும் இடத்தில் நங்கூரம் இறக்குங்கள், எடுக்கும்போது இழுத்துக்கொண்டு போகாமல் நேர் மேலே தூக்குங்கள்.

வலை மிதவைகளைக் கண்டால் சுற்றிப் போங்கள். வழியில்லாமல் சிக்கிக்கொண்டால் கத்தியை எடுக்காதீர்கள். பாயைத் தளர்த்தி, நடுப்பலகையையும் சுக்கானையும் மேலே தூக்குங்கள், படகு தானாக வழுக்கி வெளியே வரும்.

கவிழ்ந்து, நிமிர்த்த முடியாமல் போனால் படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள். கரை பக்கத்தில் இருப்பதைப் போலத்தான் தெரியும், நீந்திவிடலாம் என்று தோன்றும். படகு மிதக்கும், தூரத்திலிருந்தும் தெரியும். நீந்தும் தலை யாருக்கும் தெரியாது.

10. திரும்பிய அன்றே

களைப்பில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால் கெட்ட படகுகளே அதிகம். உப்பு காய்ந்து இறுகும் முன், வீட்டுக் கிணற்று நீரால் படகு, கப்பி, கயிறு, டிரெய்லர் சக்கரம் எல்லாவற்றையும் கழுவுங்கள். உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தொடாதீர்கள், ஒரு குடம் நல்ல தண்ணீர் அதைவிட மேல்.

பாயை நிழலில் உலர்த்திச் சுருட்டுங்கள். மடித்தால் மடிப்புக் கோட்டிலேயே கிழியும். மாதம் ஒரு முறை பேரிங்குக்குக் கிரீஸ் வையுங்கள்.

உள்ளே தேங்கிய நீர் வடிய அடைப்பானைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகாமல், சுக்கான் கைப்பிடியிலேயே ஒரு நூலால் கட்டிவிடுங்கள். அடுத்த முறை சுக்கானைத் தொடும்போது அது கையில் தட்டுப்படும்.